வால் சொன்னபடி கேட்காத சர்ஃப் பலகை: அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போவது எப்படி

பலகை ஒழுங்காக ஓடாவிட்டால் முதல் பழி ஃபின் மேல், அதாவது வாலடியில் நிற்கும் செதில் மேல் விழும். விழட்டும், ஃபின்னைக் கழற்றி வேறு மாட்டுவது ஐந்து நிமிட வேலை. மாற்றிய பிறகும் அதே தொல்லை என்றால் பலகையைக் கவிழ்த்துப் போட்டு, வால் முனையிலிருந்து மேல்நோக்கி இரண்டடி தூரத்தைப் பார்க்க வேண்டும். பின்னங்காலின் எடை இறங்குவதும், அடியில் ஓடிவந்த தண்ணீர் பலகையை விட்டுப் பிரிவதும் அந்த இரண்டடிக்குள்தான். அங்கே ஒரு நூல் குழிவு கூடினாலும் குறைந்தாலும் கால் கண்டுபிடித்துவிடும். கண்ணுக்கு அது தெரியாது.

விற்பவர் “சிங்கிள் டு டபுள் கான்கேவ்” (ஒற்றைக் குழிவில் தொடங்கி இரட்டைக் குழிவாகும் அடி) என்று ஒரு பெயர் சொல்லுவார். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. குழிவு எங்கே ஆழமாகிறது, எந்த இடத்தில் முடிகிறது, முடிந்த பிறகு வால் விளிம்பு கூராக இருக்கிறதா மழுங்கியிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பழைய பலகைகளில் பெரும்பாலும் கோளாறு குழிவில் இருக்காது, விளிம்பில்தான் இருக்கும்.

இங்கே சொல்வதெல்லாம் ஃபைபர் பலகைகளுக்கு. பயிற்சிப் பள்ளிகளில் கொடுக்கும் மெத்துப் பலகைகளின் அடி ஏறக்குறைய தட்டையாகவே இருக்கும், மிதித்தால் வளையவும் செய்யும். அவற்றில் இந்தச் சோதனைகள் உங்களுக்கு ஒன்றும் சொல்லாது.

முதலில் அளவு

மெழுகைச் சுரண்டி எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, ஃபின்களைக் கழற்றிவிட்டு, இரண்டு நாற்காலிகளின் மேல் துண்டு விரித்துப் பலகையைக் கவிழ்த்து வையுங்கள். ஒரு இரும்பு ஸ்கேல் போதும். கொத்தனார் வைத்திருக்கும் அலுமினிய மட்டப்பலகை கிடைத்தால் இன்னும் நல்லது.

ஸ்கேலைக் குறுக்காக, இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்குப் படும்படி நிறுத்துங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அது கான்கேவ், அதாவது குழிவு. ஸ்ட்ரிங்கரின் (பலகையின் நடுவே நீளவாக்கில் ஓடும் மரச்சட்டம்) இரண்டு பக்கமும் தனித்தனியாக வெளிச்சம் தெரிந்தால் டபுள் கான்கேவ். ஸ்கேல் நடுவில் முட்டுக்கொடுத்ததுபோல் இருபுறமும் ஆடினால் அது வீ. நடு முதுகு தூக்கி, இரு பக்கமும் விளிம்பை நோக்கிச் சரிந்திருக்கிறது என்று பொருள். வீயும் டபுள் கான்கேவும் சேர்ந்தே இருக்கலாம், அதில் குழப்பம் வேண்டாம்.

இப்படி மூன்று இடங்களில் பாருங்கள்: பலகையின் மையம், பக்க ஃபின்களுக்குச் சற்று முன்னால், பின் ஃபின்னுக்குச் சற்று முன்னால். ஒவ்வொரு இடத்திலும் இடைவெளி எத்தனை மி.மீ. என்று எழுதி வையுங்கள். 2 முதல் 6 மி.மீ. வரை இருப்பது சாதாரணம். பிறகு மட்டப்பலகையை ஸ்ட்ரிங்கர் மேல் நீளவாக்கில், நடுப்பகுதியில் படியும்படி வைத்து, வால் முனை அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளங்கள். அதுதான் வால் ராக்கர். ஷார்ட்போர்டில், அதாவது குட்டைப் பலகையில், 2 அங்குலத்தைச் சுற்றியோ அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். மீன்வால் போலப் பிளந்த வால் கொண்ட ஃபிஷ் பலகைகளில் இன்னும் குறைவு.

ஸ்கேலும் இல்லையென்றால் பலகையை டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்து, பளபளக்கும் அடியில் விழும் ஒளிக்கோட்டைப் பாருங்கள். வளைவு மாறும் இடமெல்லாம் கோடு நெளியும். பழுது பார்த்த இடத்தின் மேடு பள்ளமும் இதில் அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

“அலை இருக்கு, பலகைதான் ஓட மாட்டேங்குது”

இதுதான் அதிகம் கேட்கும் புகார். பலகையைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது போலிருக்கும். கையால் தண்ணீரை வலித்து அலையைப் பிடித்துவிடலாம், எழுந்து நின்ற பிறகு வேகம் வராது.

முதலில் விளிம்பைப் பாருங்கள். பக்க ஃபின்கள் தொடங்கும் இடத்திலிருந்து வால் முனை வரை அடி விளிம்பு கூரான மடிப்பாக இருக்க வேண்டும். அங்கே வந்த தண்ணீர் திரும்பிப் பார்க்காமல் பிரிந்து போவது அந்தக் கூரினால்தான். விளிம்பு உருண்டிருந்தால் தண்ணீர் அந்த உருட்டலை ஒட்டிக்கொண்டு மேலே ஏறும், ஏறும்போது வாலைக் கீழே உறிஞ்சும். நகத்தை அடியிலிருந்து விளிம்புக்கு வெளியே இழுத்துப் பாருங்கள். நகம் சட்டென்று விழ வேண்டும், வழுக்கிக்கொண்டு போகக் கூடாது. ஸ்கேலை அடியில் ஒட்டி வைத்தால் வெளிச்சம் விளிம்பிலிருந்து எவ்வளவு உள்ளே தொடங்குகிறது என்று தெரியும். 5 மி.மீ.க்கு மேல் உள்ளேயே தொடங்கினால் உங்கள் சந்தேகம் சரி.

இது ஏன் நம் கரையோரப் பலகைகளில் இவ்வளவு சாதாரணம்? வாலில் அடிபட்டால் பக்கத்தில் ஃபைபர் படகு பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுகிறோம். கைவேலையில் கெட்டிக்காரர்கள்தான். படகுக்குத் தண்ணீர் உள்ளே வராமல் இருந்தால் போதும் என்பதால் கனமான கண்ணாடி இழை விரிப்பை (மேட்) ஒட்டி, ரெசினைத் தாராளமாகப் பூசி, கையாலேயே தேய்த்து வழவழப்பாக்கிக் கொடுப்பார்கள். ஓட்டை அடைபட்டுவிடும், கூர் போய்விடும். இன்னொன்றும் உண்டு: படகுக்குப் போடுவது பாலியெஸ்டர் ரெசின். உங்கள் பலகையின் உள்ளே இருப்பது வெள்ளை தெர்மோகோல் போன்ற இபிஎஸ் நுரை என்றால் அந்த ரெசின் நுரையைக் கரைத்துவிடும். உள்ளே என்ன நுரை என்று தெரியாத பலகைக்கு எபாக்ஸி மட்டும்தான். அது இரண்டிலும் ஒட்டும்.

விளிம்பைத் திரும்பக் கட்டுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. உருண்ட பகுதியை 80 நம்பர் உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்குங்கள், உள்ளேயிருக்கும் கண்ணாடித் துணியின் இழை வெளியே தெரியும்வரை போக வேண்டாம். பலகை கவிழ்ந்த நிலையில் இருக்க, பக்கவாட்டில் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அடிமட்டத்துக்கு மேல் 3, 4 மி.மீ. உயர்ந்து நிற்கும்படி வரப்பு கட்டுங்கள். கண்ணாடி இழைத் தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியை அந்த வரப்போரம் ஊற்றி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். கடற்கரை ஈரக்காற்றில் எபாக்ஸி மேல் மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு படியும். தேய்க்கும் முன் அதைத் தண்ணீர் விட்டுக் கழுவியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் உப்புத்தாள் முழுக்க அப்பிக்கொள்ளும். பிறகு டேப்பை உரித்து, தட்டையான மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி 80, 120, 220 என்று வரிசையாகத் தேய்த்து, கடைசியில் 400 வாட்டர் பேப்பர். கட்டை இல்லாமல் வெறும் விரலால் தேய்த்தால் மறுபடி உருண்டுதான் போகும். முடிந்த பிறகு கூரின் முனையை மட்டும் ஒரே ஒரு தடவு தடவி விடுங்கள். கத்தி மாதிரி விட்டால் காலைக் கிழிக்கும், முதல் நாளே பெயர்ந்தும் போகும். முகமூடி போடாமல் இந்தத் தூளைச் சுவாசிக்காதீர்கள்.

விளிம்பு நன்றாகவே இருக்கிறது, இன்னும் மந்தம் என்றால் உங்கள் அளவுச் சீட்டுக்குப் போங்கள். பின் ஃபின் அருகே வீ இரண்டு நூலைத் தொடுகிறதா, அதாவது 6 மி.மீ.யா? வீ தண்ணீரை இருபுறமும் வழித்துவிடுகிறது. பலகையைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய அழுத்தம் அதில் கொஞ்சம் வீணாகும். சக்தி உள்ள அலையில் இது ஒரு பொருட்டே இல்லை. தமிழ்நாட்டுக் கரையின் மென்மையான அலையில் நன்றாக உறைக்கும். வால் ராக்கர் கூடுதலாக இருந்தாலும் அறிகுறி இதேதான், ஆனால் அந்தப் பலகை சட்சட்டென்று திரும்பும். திரும்பவும் செய்யாமல் ஓடவும் செய்யாமல் இருந்தால் ராக்கரை விட்டுவிட்டு மறுபடி விளிம்பைப் பாருங்கள்.

கட்டி முடித்த பலகையின் ராக்கரையோ வீயையோ தேய்த்து மாற்ற முடியாது. அடிப்பக்கம் வழக்கமாக 4 அவுன்ஸ் கண்ணாடித் துணி ஒரே அடுக்கு. மில்லிமீட்டர் கணக்கே இல்லாத தடிமன் அது, இரண்டு மி.மீ. குறைக்கப் போனால் நுரையில்தான் நிற்பீர்கள். செய்ய முடிந்தது, முன்னங்காலை இரண்டு விரற்கடை முன்னால் வைத்து வாலின் வளைவைத் தண்ணீரிலிருந்து சற்று விடுவிப்பது. இது பலருக்குப் பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

“திருப்பும்போது வால் வழுக்கிட்டுப் போகுது”

ஃபின்னை மாட்டும் பெட்டியில் ஆட்டம் இருக்கிறதா, ஃபின் உங்கள் எடைக்குச் சிறியதா என்பதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். பிறகு கேளுங்கள்: சின்ன அலையிலும் வழுக்குகிறதா, பெரிய அலையில் மட்டுமா?

பெரிய அலையில் மட்டும் என்றால் வாலின் அகலமும், அதனால் தண்ணீர் அதற்குத் தரும் தூக்கலும் அலைக்கு மிஞ்சிவிட்டன. இதற்குச் சர்ஃபிங் வரலாற்றிலேயே பேர்போன உதாரணம் ஒன்று உண்டு. 1967இல் ஆஸ்திரேலியாவின் பாப் மெக்டாவிஷ் அகன்ற வாலும் ஆழமான வீயும் கொண்ட குட்டையான பலகைகளைச் செய்தார். வீ இருந்ததால் அவ்வளவு அகலமான வாலையும் விளிம்பில் சாய்த்துத் திருப்ப முடிந்தது. அந்த ஆண்டுக் கடைசியில் அவற்றை ஹவாய்க்குக் கொண்டுபோனபோது, ஓவாஹுவின் சன்செட் பீச்சில் பெரிய அலையில் வால் பிடி விட்டுச் சுழன்றது. அதே பயணத்தில் மாவி தீவின் ஹோனோலுவா பேயில் அதே வகைப் பலகைகள் பிரமாதமாக ஓடின. பலகையின் மேல் குற்றமில்லை, அந்த வாலுக்கு அந்த அலை பொருந்தவில்லை. சென்னை பக்கத்துக் கோவளத்துக்கு வாங்கிய அகல வால் பலகையை இலங்கையின் அருகம்பே சீசனின் பெரிய நாளில் இறக்கிவிட்டுத் திட்டுவதும் இந்த ரகம்தான். பெரிய பின் ஃபின் மாட்டினால் ஓரளவு சமாளிக்கலாம்.

சின்ன அலையிலும் வழுக்கினால் ஃபின்னுக்குச் சற்று முன்னால் உள்ள பரப்பைத் தடவிப் பாருங்கள். பழுது பார்த்த மேடு ஒன்று, அரை மி.மீ.யாக இருந்தாலும், அங்கே தண்ணீரைக் கலக்கி ஃபின்னைச் சுற்றிக் காற்றை இழுத்து வந்துவிடும். மேட்டை மட்டும் கட்டை வைத்துத் தேய்த்துச் சமன் செய்யுங்கள், துணி தெரியத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள்.

ஒரு நுணுக்கம்: பக்க ஃபின் உட்கார்ந்திருப்பது சரிவின் மேல். வீ இருந்தால் ஃபின் தானாகவே இன்னும் வெளிப்பக்கம் சாயும், குழிவின் வெளிச் சரிவில் இருந்தால் நிமிரும். அதனால் நண்பருடைய பலகையில் அற்புதமாக ஓடிய ஃபின் செட் உங்களுடையதில் சொதப்பினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

“வேகம் பிடிச்சதும் தடதடக்குது”

காலையில் கண்ணாடி போலிருக்கும்போது ஒன்றும் தெரியாது. வெயில் ஏறிக் கடற்காற்று கிளம்பித் தண்ணீர் சொரசொரத்ததும் வால் கல்ரோட்டில் போகும் சைக்கிள் மாதிரி குதிக்கும். பின் பகுதி தட்டையாகவோ, ஆழமான ஒற்றைக் குழிவாகவோ இருப்பதன் குணம் இது. பரந்த பரப்பு ஒவ்வொரு சின்ன அலையையும் அப்படியே வாங்கிக்கொள்கிறது. வீ உள்ள வால் அதைக் கிழித்து இருபுறமும் தள்ளிவிடும். பெரிய அலைக்கான பலகைகளில் வாலில் வீ வைப்பது இதனால்தான், அங்கே வேகத்துக்குப் பஞ்சமில்லை, கட்டுப்பாட்டுக்குத்தான் பஞ்சம்.

டபுள் கான்கேவ் இந்த இரண்டுக்கும் நடுவில் செய்துகொண்ட சமரசம். காலிஃபோர்னியாவின் ஆக்ஸ்னார்டில் மால்கம், டங்கன் கேம்பல் சகோதரர்கள் 1970களின் தொடக்கத்திலேயே போன்சர் என்ற தங்கள் பலகைகளின் வாலில் இரட்டைக் குழிவு போட்டு மூன்று ஃபின்னும் வைத்துவிட்டார்கள். சைமன் ஆண்டர்சனின் மூன்று ஃபின் பலகையான த்ரஸ்டர் வந்து 1981இல் ஆஸ்திரேலியாவின் பெல்ஸ் போட்டியை வெல்வதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு. தூக்கலும் கிடைக்கும், நடுவில் முதுகு இருப்பதால் சாய்ப்பதும் எளிது.

சேனல் பலகை (அடியில் நீளவாக்கில் வாய்க்கால்கள் வெட்டியது) வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடதடப்பு இன்னும் பலமாக இருக்கும். ஆஸ்திரேலியாவில் 1970களின் நடுவில் ஜிம் பொல்லார்ட் தொடங்கி வைத்து, பின்பு ஆல் பைர்ன் ஆறு சேனல்களாகப் பேரெடுத்துக் கொடுத்த வடிவம். சுத்தமான, அழுத்தமான அலையில் தண்டவாளத்தில் போவதுபோல் நேராகப் பாயும். காற்றடித்த மதியத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பழைய சேனல் பலகை மந்தமாகவும் இருந்தால் சேனல்களின் உள்மூலைகளில் பழுது ரெசின் தேங்கி அடைத்திருக்கிறதா பாருங்கள். கிட்டத்தட்ட எப்போதும் அடைத்திருக்கும்.

கையிலிருக்கும் பலகையில் செய்யக்கூடியது: இரண்டு காலையும் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, முழங்காலை இன்னும் மடக்கி நிற்பது, ஒரு அளவு பெரிய ஃபின், ஆறு மணிக்கே கடலில் இருப்பது. கடைசியாகச் சொன்னதற்குச் செலவில்லை.

“ஒரு விளிம்புலேர்ந்து இன்னொண்ணுக்கு மாறவே மாட்டேங்குது”

நேராகப் பாயும், திருப்பினால் பிடிவாதம். பின் ஃபின் அருகிலும் குறுக்கு ஸ்கேலில் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா? ஒற்றைக் குழிவு வால் முனை வரை மறையாமல் ஓடினால் விளிம்புகள் இரண்டும் தண்ணீரில் அழுந்தி நிற்கும். அவற்றின் வளைவும் நேராகிவிடும். ஆட்டுவதற்கு நடுவில் முதுகும் இருக்காது. வால் அகலமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

சின்ன பின் ஃபின் போடுங்கள். பெட்டியில் நகர்த்த இடமிருந்தால் முன்னால் தள்ளுங்கள். பின்னங்கால் வாலின் கடைசி வரை, பக்க ஃபின்களுக்கு மேலோ பின்னோ போகிறதா என்றும் பாருங்கள். நிறையப் பேர் ஒரு சாண் முன்னால் நின்றுகொண்டு பலகை திரும்பவில்லை என்கிறார்கள்.

“ஒரு பக்கம் மட்டும்தான் திரும்புது”

பலகையைக் குறை சொல்வதற்கு முன் ஒன்று. கோவளம் பாயின்ட்டும் அருகம்பேயும் வலது அலைகள், அதாவது ஓட்டுபவர் வலப்பக்கமாகப் போகும் அலைகள். இடது காலை முன்வைத்து நிற்பவர் அங்கே ஆண்டு முழுக்க அலைக்கு முகம் காட்டியே ஓடியிருப்பார். முதுகு காட்டித் திருப்பத் தெரியாதது பலகையின் தப்பில்லை. உங்களுக்கு மாறாக மற்றக் காலை முன்வைத்து நிற்கும் நண்பர் ஒருவரிடம் பலகையைக் கொடுங்கள். அவருக்கும் பலகையின் அதே பக்கம்தான் மக்கர் செய்கிறது என்றால் அளவெடுக்கலாம்.

ஸ்ட்ரிங்கரிலிருந்து ஒவ்வொரு பக்க ஃபின்னின் முன்முனைக்கும் பின்முனைக்கும் உள்ள தூரத்தை அளங்கள். இரு பக்கமும் 2, 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதுவே காரணம். அது சரியாக இருந்தால் முறுக்கு. தச்சர் பலகை பார்ப்பதுபோல, ஒரே நீளமுள்ள இரண்டு நேரான சட்டங்களை ஒன்று நடுவிலும் இன்னொன்று வாலிலும் குறுக்கே வைத்து, பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் நோக்குங்கள். இரண்டின் மேல்விளிம்பும் ஒன்றோடொன்று இணையாக நிற்க வேண்டும். முறுக்கியிருந்தால் சரிசெய்ய வழியில்லை. குறைந்த விலைக்குக் கேட்பதற்கு மட்டும் அந்தத் தகவல் உதவும்.

சில சில்லறைத் தொல்லைகள்

ரீங்காரம் மாதிரிச் சத்தம் வந்தால் அது ஃபின்னின் பின்விளிம்பு. வாலுக்குச் சம்பந்தமில்லை. சிராய்ப்பைத் தேய்த்துவிட்டால் நிற்கும்.

அழுத்தினால் பொதபொதவென்று இறங்கும் கொப்புளம் அடியில் இருந்தால், வெயிலில் காரின் மேலோ மணலிலோ கிடந்து துணி நுரையை விட்டுப் பிரிந்திருக்கிறது. அதை வெட்டி எடுத்து ஒட்டும் வரை மற்ற அறிகுறிகள் எதையும் நம்ப வேண்டாம்.

லாங்போர்டில் மூக்கு வரை நடந்துபோனதும் வால் எழும்பி விடுகிறதா? மேலே சொன்ன விளிம்புப் பாடம் இங்கே தலைகீழ். மூக்கில் நிற்பதற்கான பலகையின் வாலில் விளிம்பு உருண்டுதான் இருக்க வேண்டும். தண்ணீர் அதை ஒட்டி மேலேறி வாலைக் கீழே பிடித்து வைப்பதால்தான் முன்னால் நிற்கவே முடிகிறது. யாராவது அக்கறையாக அதைக் கூராக்கி வைத்திருந்தால், 120இல் தொடங்கி மெல்ல உருட்டி விடுங்கள்.

எதுவும் பலிக்காமல் புதுப் பலகை செய்யக் கொடுக்கும்போது அளவுச் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். “லூஸா வேணும், ஃபாஸ்ட்டா வேணும்” என்று சொன்னால் ஷேப்பருக்கு, அதாவது பலகையைச் செதுக்கி உருவாக்குபவருக்கு, ஒன்றும் விளங்காது. பழைய பலகையில் மையத்தில் குழிவு எத்தனை மி.மீ., பக்க ஃபின் முன்னால் எத்தனை, பின் ஃபின் அருகே வீ எத்தனை, வால் ராக்கர் எவ்வளவு, எந்தக் கடற்கரையில் எந்த மாதம் ஓட்டினீர்கள், என்ன தொல்லை என்று எழுதிக் கொடுங்கள். ஒரே சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். வீயைக் கூட்டினால் ராக்கரை அப்படியே விடச் சொல்லுங்கள்.